ஆற்று மணலும் இல்லை, கொத்தனாரும் இல்லை: வீடு கட்டும் தொழிலில் என்னதான் நடக்கிறது?

"பட்ஜெட் போட்டது 40 லட்சம். ரூஃப் போடுறதுக்குள்ளயே காலி!" சொந்த வீடு கட்டும் யாரிடம் பேசினாலும் இப்படி ஒரு வசனம் வந்துவிடும். ஃபிளாட் வாங்குபவர்களின் புலம்பல் வேறு மாதிரி: "சாவி எப்ப தருவாங்கன்னே தெரியலை. வாடகையும் கட்டுறேன், இஎம்ஐயும் கட்டுறேன்."

மணல், ஆள், நேரம். இந்த மூன்றும் மாறிவிட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போடுவதற்கு முன்னால் அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணல் எங்கே போச்சு?

பாலாறு, காவிரி, கொள்ளிடம், வைகை என்று எல்லா ஆறுகளிலும் பல ஆண்டுகள் அளவில்லாமல் மணல் அள்ளினோம். ஆற்றுப் படுகையில் மணல் இருந்தால்தான் மழைநீர் நின்று நிலத்துக்குள் இறங்கும். மணல் போனதும் கரையோர ஊர்களில் கிணறுகள் வற்றின. 2017 நவம்பரில், மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூட வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் மலேசியாவில் இருந்து கப்பலில் வந்த மணல் தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கியது. தாமிரபரணி கடலில் கலக்கிற மாவட்டத்துக்கே வெளிநாட்டு மணல்!

அந்தத் தட்டுப்பாட்டில்தான் எம்-சாண்ட் எல்லா சைட்டுக்கும் வந்து சேர்ந்தது.

எம்-சாண்ட் நல்லதா, கெட்டதா?

ஒழுங்காகத் தயாரித்தால் நல்லதுதான். கருங்கல்லைப் படிப்படியாக உடைத்து, கடைசியில் விஎஸ்ஐ என்ற இயந்திரத்தில் கூர்முனைகளை மழுக்கி, சலித்து, கழுவி எடுப்பதுதான் எம்-சாண்ட். கான்கிரீட்டுக்கு இதைப் பயன்படுத்த இந்திய தர நிர்ணய விதி ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. பூச்சு வேலைக்கு இன்னும் பொடியாக வருவது பி-சாண்ட்.

சிக்கல் என்னவென்றால், ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் தூளும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், விலையும் குறைவு. அது எம்-சாண்ட் என்ற பெயரில் லாரி ஏறி வந்துவிட்டால், நம்மில் பலருக்கு வித்தியாசம் தெரியாது. தூள் அதிகம் இருந்தால் கலவை தண்ணீரை உறிஞ்சும், வேலைக்கு வராது. உடனே கொத்தனார் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் குறையும். அதன் விளைவு சில வருடம் கழித்து விரிசலாகவும் ஒழுகலாகவும் தெரியும். அப்போது யாரைப் போய்க் கேட்பது?

இதனால்தான் எம்-சாண்ட் ஆலைகளைப் பொதுப்பணித் துறை ஆய்வு செய்து தரச்சான்று தருகிறது. 2023-ல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையையே தமிழக அரசு வெளியிட்டது. ஆனால் உங்கள் சைட்டுக்கு வரும் லாரி சான்று பெற்ற ஆலையில் இருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் வேலை உங்களுடையது. விலையும் நிலையாக இல்லை. 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்குப் புதிய வரி வந்தபோது குவாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, பல கட்டுமானங்கள் பாதியில் நின்றன. கடைக்காரர் "ஒரு யூனிட் இவ்வளவு" என்று சொன்னால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அளந்து வாங்குங்கள்.

கொத்தனார் எங்கே?

முன்பு கொத்தனாரின் மகனும் கொத்தனார் ஆனார். இப்போது அந்தப் பையன் டிப்ளமோவோ இன்ஜினீயரிங்கோ படிக்கிறார். கைத்தொழில் தெரிந்த பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்தை நிரப்புபவர்கள் பிகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்டில் இருந்து வரும் தொழிலாளர்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் தேர்தலுக்கும் அவர்கள் ஊருக்குப் போனால் சைட் வெறிச்சோடிவிடும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். எத்தனை பேரை நம்பி இந்தத் தொழில் ஓடுகிறது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சித்தாளாக வேலைக்கு வரும் பெண்கள் இருபது வருடம் கல் சுமந்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார்கள். கரண்டியை அவர்கள் கையில் கொடுத்துப் பழக்க யாரும் முன்வருவதில்லை. ஆள் இல்லை என்று புலம்பும் தொழில், கூடவே இருக்கும் ஆளைப் பார்ப்பதே இல்லை.

இந்தத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் உண்டு. பிளான் அப்ரூவல் வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக நாம்தான் கட்டுகிறோம். ஆனால் வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத்தான் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி எல்லாம் கிடைக்கும். சைட் விட்டு சைட் மாறும் வெளிமாநிலத் தொழிலாளர்களில் பலர் பதிவே செய்வதில்லை.

மெஷின் வந்தா சரியாயிடுமா?

ஓரளவுக்கு. பெரிய நிறுவனங்கள் இப்போது 'மைவான்' எனப்படும் அலுமினியச் சட்டங்களைப் பயன்படுத்துகின்றன. சுவர், கூரை இரண்டையும் ஒரே வார்ப்பில் கான்கிரீட்டாக ஊற்றிவிடுவார்கள். செங்கல் அடுக்கும் வேலை கிடையாது, பூச்சு வேலையும் குறைவு. ஆனால் பின்னாளில் "இந்தச் சுவரை இடிச்சு ஹாலைப் பெருசாக்கலாம்" என்று நினைத்தால் முடியாது. அந்தச் சுவரும் சேர்ந்துதான் கட்டடத்தைத் தாங்குகிறது.

அடுத்தது ப்ரீகாஸ்ட். சுவர், தளம் எல்லாவற்றையும் ஆலையில் வார்த்து, சைட்டில் கிரேன் வைத்துப் பொருத்துவது. சென்னை பெரும்பாக்கத்தில் இந்த முறையில் கட்டப்பட்ட 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. இதில் இணைப்புகளில் கவனம் பிசகினால் மழைநீர் கசியும்.

செங்கல்லுக்குப் பதில் வரும் ஏஏசி பிளாக், எடையில் செங்கல்லின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கென்று உள்ள ஒட்டுக்கலவையைப் பயன்படுத்தாமல் பழைய பாணியில் கட்டினால் இணைப்புகளில் கோடு கோடாக விரிசல் விடும்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். டிராஃபிக்கில் மாட்டிய லாரி தாமதமாக வந்தால், இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீரை ஊற்றி இளக்குவது சில சைட்களில் நடக்கிறது. கலவை ஆலையில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஊற்றும் இடத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

சட்டம் யாரைக் காப்பாற்றும்?

2017 முதல் நடைமுறையில் இருக்கும் ரெரா சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை பில்டர் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதைச் செலவழிக்கலாம். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டடத்தில் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, 8 வீடுகளுக்கு மேல் இல்லை என்றாலோ ரெரா பதிவு தேவையில்லை. நம் தெருக்களில் பழைய வீட்டை இடித்துவிட்டு எழும்பும் நாலு, ஆறு ஃபிளாட் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டைக்குள் வந்துவிடுகின்றன. அங்கே வாங்கினால் சோதனை எல்லாம் உங்கள் தலையில்தான்.

வரி விஷயத்தில், கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மலிவு விலை வீடுகளுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வீடு கட்டுபவர்கள் கொட்டேஷனில் அது தெரிகிறதா என்று கேளுங்கள்.

சரி, நான் என்ன செய்யணும்?

* எம்-சாண்ட் லோடு வந்ததும் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். மணல் சீக்கிரம் அடியில் தங்கும். தண்ணீர் வெகுநேரம் கலங்கியே இருந்தால் தூள் அதிகம். சந்தேகம் வந்தால் லேபுக்கு அனுப்புங்கள்.
* கான்கிரீட் போடும் நாளில் கியூப் எடுக்கச் சொல்லுங்கள். 28-ம் நாள் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.
* நீராற்றுதலில் சமரசம் வேண்டாம். குறைந்தது 7 நாள், பிபிசி சிமென்ட் என்றால் 10 நாள். நம் ஊர் வெயிலில் 14 நாள் விட்டால் நல்லது. சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்தவருக்கு இதில் காத்திருக்கப் பொறுமை இருக்காது.
* ஃபிளாட் என்றால், ரெரா எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, பில்டர் முடித்துத் தருவதாகச் சொன்ன தேதியைப் பாருங்கள்.

இதெல்லாம் நம் பணத்துக்காக மட்டும் இல்லை. 2014 ஜூன் 28 மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அந்த வீடுகளுக்கு இன்னும் யாரும் குடிவந்திருக்கவில்லை. அடுத்த முறை சைட்டுக்குப் போகும்போது கியூப் அறிக்கையோடு, அங்கே வேலை செய்பவர்களுக்கு ஹெல்மெட் இருக்கிறதா, நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.