இறக்கை நுனியில் நெருப்பு

ஹெலிகாப்டரின் எஞ்சின் தலைமேல் உள்ள பெரிய இறக்கைகளை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, வண்டியின் உடல் எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தத்தான் வாலில் அந்தச் சின்ன விசிறி. அதற்குக் கொஞ்சம் சக்தி போகும். விசையை மேலே கொண்டுபோகும் கியர் பெட்டியின் கனம் வேறு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வியன்னா பக்கத்தில் பணியாற்றிய ஆஸ்திரியப் பொறியாளர் ஃபிரெட்ரிக் ஃபான் டோப்ல்ஹோஃப் வேறு வழி பார்த்தார். இறக்கையை நடுவிலிருந்து எதற்குச் சுழற்ற வேண்டும், நுனியிலிருந்து தள்ளினால் போதாதா? அப்போது உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்காதே. தீபாவளிச் சங்குசக்கரம் நெருப்பைக் கக்கித் தானே சுற்றுகிறதே, அதே கணக்கு. எஞ்சின் ஒரு கம்ப்ரசரை ஓட்டும். காற்றும் எரிபொருளும் கலந்து, உள்ளே குழாய் போலிருக்கும் இறக்கைகள் வழியாக ஓடி, நுனியில் எரியும். 1943இல் அப்படிச் செய்த ஹெலிகாப்டர் பறந்தும் விட்டது. ஆனால் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தது. அதனால் பின்னால் செய்த மாதிரியில் ஏறவும் இறங்கவும் மட்டுமே நுனி நெருப்பு. முன்னே போகத் தனி விசிறி.

சோவியத் படை நெருங்கியபோது குழு மேற்கே நகர்ந்தது. ஹெலிகாப்டர் அமெரிக்கர் கையில் சிக்கிக் கப்பலேறியது. ஆட்கள் மூன்று நாடுகளுக்குப் பிரிந்தார்கள்: டோப்ல்ஹோஃப் அமெரிக்காவின் மெக்டானல் நிறுவனத்துக்கு, ஸ்டெபான் பிரிட்டனின் ஃபேரிக்கு, லௌஃபர் பிரான்ஸுக்கு.

மெக்டானல் அதே நுனி நெருப்பு முறையில் செய்த எக்ஸ்வி-1, 1956இல் மணிக்கு 320 கி.மீ. வேகத்தைத் தொட்டது, மறு ஆண்டே திட்டத்தை மூடினார்கள். ஃபேரியின் ரோட்டோடைன் இன்னும் பெரிய கனவு. ஏறத்தாழ 40 பேரை நகரத்தின் நடுவிலிருந்தே ஏற்றிச் செல்லலாம் என்றார்கள். 1957இல் பறந்தது, 1959இல் 307 கி.மீ. வேகத்தில் உலகச் சாதனையும் படைத்தது. ஆனால் நுனி நெருப்பின் இரைச்சலை எந்த நகரம் தாங்கும்? குறைக்க முயன்று பார்த்தார்கள். ஆர்டர்களும் வந்து சேரவில்லை. 1962இல் அரசு கைவிட்டது.

என் கணிப்பில் கெட்டிக்காரத்தனம் பிரெஞ்சுக்காரர்களுடையது. முதலில் அவர்களும் நுனியில் எரித்துத்தான் பார்த்தார்கள். பிறகு நெருப்பையே விட்டுவிட்டு, அழுத்தக் காற்றை மட்டும் நுனியில் பீய்ச்சினார்கள். 1953இல் பறந்த ஜின், இருவர் அமரும் சிறு ஹெலிகாப்டர். வால் விசிறி கிடையாது. எஞ்சின் கழிக்கும் புகையைச் சுக்கானில் மோதவிட்டே திருப்பினார்கள். ராணுவம் வாங்கியது, வயல்களுக்கு மருந்தடிக்கவும் பயன்பட்டது. 170க்கு மேல் உற்பத்தியானது. நுனித்தள்ளல் ஹெலிகாப்டர்களில் இவ்வளவு விற்றது வேறில்லை.

அதற்குள் எடை குறைந்த டர்பைன் எஞ்சின் வந்து, கியர் பெட்டியின் கனம் பெரிய குறையாக இல்லாமல் போனது. பிரான்ஸிலேயே 1955இல் பறந்த, டர்பைன் பொருத்திய அலூவெட் 2, ஆயிரத்துக்கு மேல் விற்றது. ஜின் உற்பத்தி நின்றது.