சேவூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டால் லாபமா?

"பாதிக் காட்டை வித்து ஆறு லைன் வீடு கட்டி விட்டுட்டா, மாசம் பொறந்தா காசுங்க." அவிநாசி, சேவூர் பக்கம் டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கடலை ஏலத்துக்குப் பேர் போன ஊரில், கடலை போட்ட காட்டை விற்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு வீட்டுக்கு 3,500 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆறு வீட்டுக்கு வருஷம் 2,52,000. இரண்டு வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் 21,000 போச்சு. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு என 30,000 வைத்தால் மிச்சம் 2,01,000. கட்டடத்துக்கு 9% வட்டியில் 20 லட்சம் கடன் வாங்கியிருந்தால், முதல் வருஷ வட்டியே சுமார் 1,80,000. கையில் நிற்பது 21,000தான். அசலை எதிலிருந்து கட்டுவது?

அந்த மூன்று மாதக் காலி அதிகப்படியான பயம் அல்ல. இங்கே வாடகை தருவது பனியன் கம்பெனி ஆர்டர்தான். 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசே அப்போது உத்தரவு போட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி விதித்தபோதும் திருப்பூர் ஆர்டர்கள் அடி வாங்கின. சாதாரண வருஷத்திலேயே, தீபாவளி போனஸோடு ஊருக்குப் போகிற எல்லாரும் அதே வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். '11 மாச அக்ரிமெண்ட்தானே' என்று விட்டுவிட முடியாது. தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கோபத்தில் கரண்டையோ தண்ணியையோ நிறுத்தினால் தப்பு வீட்டுக்காரர் மேல்தான்.

வருமான வரியில் ஒரு ஆறுதல் உண்டு. கட்டிய வீட்டு வரி போக மீதி வாடகையில் 30% பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம், ரசீது கேட்க மாட்டார்கள்.

கடன் இல்லாமல் சொந்த இடத்தில் கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தாங்கும். அவரும் ஆறு வீட்டை ஒரே மூச்சில் கட்டாமல் முதலில் மூன்று கட்டி, ஒரு தீபாவளி தாண்டட்டும் என்று பார்ப்பது நல்லது.