கத்திரி வெயிலில் தேனீக்கு ஒரு பந்தி

இரண்டு வருஷம் முன்னாடி ஆடிப்பட்டத்தில் போட்ட பூசணிக்குப் பிஞ்சே பிடிக்கலை. விடியற்காலையில் ஆண்பூவைப் பறிச்சு, பெண்பூவில் கையால ஒத்தி எடுத்தோம். அரை ஏக்கரைக் குனிஞ்சே சுத்தி வந்ததில் அம்மாவுக்கு முதுகு போயிடுச்சு. நிலத்தில் தேனீ இல்லை. எப்படி இருக்கும்? கணியம்பாடியில் எங்க நிலம் ஜவ்வாது மலையைப் பார்த்த செம்மண் மேடு. சித்திரை, வைகாசியில் கிணறு கீழே போனதும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு பூ கிடையாது.

அதனால்தான் வரப்போரம் குட்டைப் பூச்செடிகளை வைக்க ஆரம்பிச்சேன். “ஏம்ப்பா, பூவு சோறு போடுமா?” என்றார் பக்கத்து நிலத்துப் பெரியப்பா.

முதலில் வெச்சது பத்துமணிப்பூ. டேபிள் ரோஸ்னும் சொல்வாங்க. காசு கொடுத்து வாங்கின நாத்தாச்சே என்று தினம் இரண்டு வேளை தண்ணி ஊத்தினேன். பத்து நாளில் அடித்தண்டு கறுத்து, முக்கால்வாசி அழுகிப் போச்சு. நம்ம பருப்புக்கீரையின் பங்காளி இது என்பது பிறகுதான் உறைத்தது. தென் அமெரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. தண்டிலும் இலையிலும் தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கும். வறட்சி முத்தினால் இலைத்துளைகளை மூடிக்கிட்டு உள்ளே இருப்பதை வைத்தே காலம் தள்ளும்.

மிஞ்சின செடியிலிருந்துதான் பெருக்கினேன். விரல் நீளத்துக்குத் தண்டைக் கிள்ளி, மொட்டையும் கீழ் இலைகளையும் எடுத்துட்டு, அரை நாள் நிழலில் போட்டு வையுங்கள். வெட்டின வாய் காயணும். மணலும் செம்மண்ணும் சரிபாதி, கைப்பிடி மண்புழு உரம். நட்ட அன்னிக்கு ஒரு தண்ணி, அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விட்டுடும். ஒரு சாண் இடைவெளி போதும். பூ தண்டின் நுனியில்தான் வரும், அதனால் நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளையும் பூவும் கூடும். உரத்தை அள்ளிக் கொட்டினால் தழைதான் மிஞ்சும். நிழலில் வெச்சால் பூக்கவே பூக்காது.

விதையிலும் வரும். காய் முத்தினால் குடத்து மூடி மாதிரி கழன்று, பொடி விதையெல்லாம் கொட்டிப் போயிடும். மஞ்சளாகும்போதே பறித்துக் காகிதப் பையில் போடணும். மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நல்லா முளைக்கும். அடுக்குப் பூவின் விதை எல்லாமே அடுக்காக வராது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அடுக்கில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிப் போவதால் தேனீக்குக் கிடைப்பது கொஞ்சம். ஒற்றைப் பூவையே நான் வளர்க்கிறேன்.

ஆடு போகிற பாதையோரம் நித்தியகல்யாணி. கசப்பும் நஞ்சும் உள்ளதால் ஆடு வாய் வைக்காது. ஆனா அதன் தேன் நீண்ட குழலின் அடியில் இருக்கு, வண்ணத்துப்பூச்சிக்குத்தான் எட்டும்.

குட்டைச் செண்டுமல்லி பற்றி ஒரு சொல். நாலு செடி வரப்பில் வெச்சால் வேர்முடிச்சு நூற்புழு ஓடிடும் என்று நம்மில் பலர் நம்புறாங்க. அப்படி நடக்காது. அதன் வேரில் இருக்கும் பொருள் வேரை ஒட்டிய மண்ணில்தான் வேலை செய்யும். கத்திரி நடப்போகிற பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மாசமாவது விட்டு, பிறகு மடக்கி உழுதால்தான் பலன்.

இந்த ஆடியில் பூசணிக்கு நாங்க கை வைக்கலை. பூவால்தான் என்று அடிச்சுச் சொல்ல மாட்டேன். பெரியப்பாவும் இந்த வருஷம் மருந்தடிப்பை நிறுத்திட்டார். அவர் வரப்பிலும் இப்போ சிவப்புப் பத்துமணி ஓடுது.

தண்டு வேணும்னா வாங்க, காசு வேண்டாம். எங்ககிட்ட வெள்ளை நிறம் இல்லை, இருந்தால் நாலு தண்டு கொண்டு வாங்க.