மடிநோயை எதிர்க்கும் பசுவின் சொந்தக் காவல்

மடி வீங்கிச் சூடாக இருப்பதும், பால் திரிதிரியாக வருவதும் மடிநோயின் அறிகுறிகள் என்பதைக் கறவை மாடு வளர்ப்போர் அறிவர். நோய் முற்றினால் காம்பே கெட்டுவிடும். ஆயினும், காம்புத் துளை வழியே கிருமி நுழையும் ஒவ்வொரு முறையும் பசு நோயுறுவதில்லை. பசுவின் உடலிலேயே கிருமிகளைக் கொல்லும் பொருள்கள் சுரப்பது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

சில அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் இணைந்த இச்சிறு புரதத் துணுக்குகள் பெப்டைடுகள் எனப்படும். 38 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு, பசுவின் மூச்சுக்குழாயில் இருப்பது 1991ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மறு ஆண்டு, பசுவின் வெள்ளையணுக்களிலிருந்து 13 அமினோ அமிலங்களே கொண்ட இன்டோலிசிடின் பிரித்தெடுக்கப்பட்டது. இத்தகைய பெப்டைடுகள் மடியிலும் உருவாகின்றன. மடியில் கிருமி புகுந்ததும் வெள்ளையணுக்கள் அங்கு விரைந்து சென்று இவற்றை வெளியிடுகின்றன.

இவை செயல்படும் விதம் எளியது. பெப்டைடு நேர்மின் தன்மை உடையது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின் தன்மை உடையது. எனவே பெப்டைடு கிருமியின்மீது ஒட்டிக்கொண்டு அதன் உறையைத் துளைக்கிறது. உள்ளிருக்கும் பொருள்கள் கசிந்து கிருமி மடிகிறது. பசுவின் உயிரணுக்களின் மேற்புறத்தில் எதிர்மின் தன்மை மிகக் குறைவு. ஆதலால் அவை பெரும்பாலும் தப்புகின்றன.

ஆனால் இக்காவலுக்கும் எல்லையுண்டு. மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, தன் மேற்புற மின்தன்மையை மாற்றிப் பெப்டைடுகளை விலக்க வல்லது. கிருமிகள் பெருந்தொகையாக நுழைந்தாலும் காவல் தாங்காது.

எனவே கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பதே விவசாயிகள் செய்யக்கூடிய பேருதவியாகும். கறக்குமுன் மடியைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பாலை முழுமையாகக் கறந்தபின், காம்புகளை அதற்கென விற்கப்படும் அயோடின் கரைசலில் நனைக்க வேண்டும். கறந்தபின் காம்புத் துளை மூடச் சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பசு படுக்காதிருக்கத் தீவனம் இடுவது நல்லது. நோயுற்ற பசுவைக் கடைசியில் கறக்க வேண்டும்.

நோய் கண்டால் உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். அவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தலாகாது. அவர் அனுமதிக்கும்வரை பாலை விற்கவும் கூடாது. அரைகுறை மருத்துவம் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும். தொழுவம் சுத்தமாக இருந்தால், பசுவின் சொந்தக் காவலே பெரும்பாலான நாட்களில் போதுமானதாக இருக்கும்.