சத்தம் கேட்டால் வேண்டாம்!

தேங்காய் வாங்கும்போது அம்மா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே தண்ணீர் 'களக் களக்' என்றால்தான் பைக்குள் போகும். விண்கலத்துக்கு மின்னணுப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஆட்டித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே சத்தம் கேட்டால் அந்தப் பாகம் வேண்டாம்!

சட்டைப் பொத்தான் அளவில், உலோக மூடி போட்ட டிரான்சிஸ்டர்கள் உண்டு. மூடும்போது மணலைவிடச் சின்ன உலோகத் துணுக்கு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டால்? பூமியில் அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். விண்வெளியிலோ எடையில்லாமல் மிதக்கும். மிதந்து மிதந்து, ஒருநாள் இரண்டு கம்பிகளைத் தொட்டபடி நின்றுவிட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். அவ்வளவு தூரம் போய் யார் கழற்றி மாட்டுவது? அதனால்தான் பாகத்தை அதிரும் மேடையில் ஒட்டி ஆட்டுகிறார்கள். துணுக்கு சுவரில் மோதும் மெல்லிய ஒலியைக்கூட கருவி பிடித்துவிடும்.

அடுத்தது சூடு. 125 டிகிரி செல்சியஸில், மின்சாரத்தோடு 240 மணி நேரம், அதாவது முழுசாகப் பத்து நாள்! நோஞ்சான் பாகங்கள் அங்கேயே படுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கதிர்வீச்சு என்றொரு எதிரி இருக்கிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராய நாசா கட்டிய 'யூரோப்பா கிளிப்பர்' விண்கலத்தை ஏவ சில மாதங்களே இருந்தன. அப்போதுதான் தெரிந்தது, அதில் பொருத்திய சிலவகை டிரான்சிஸ்டர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கதிர்வீச்சிலேயே கெட்டுப்போகலாம் என்று. அவையோ ஏற்கெனவே விண்கலத்துக்குள்! பிரித்தெடுத்து மாற்றினால் பயணமே தள்ளிப்போகும்.

ஆய்வாளர்கள் அதே வகை டிரான்சிஸ்டர்களை எடுத்து, நான்கு மாதம் இரவு பகலாகச் சோதித்தார்கள். அவர்கள் கண்டது எனக்கு இன்றும் வியப்புதான்: கதிர்வீச்சில் அடிபட்ட டிரான்சிஸ்டர், கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் ஓரளவு தானே தேறிவிடுகிறது, நம் முழங்கால் சிராய்ப்பு ஆறுவதுபோல! வியாழனைச் சுற்றும்போது கிளிப்பர் கடுமையான கதிர்வீச்சுக்குள் இருக்கப்போவது 21 நாளுக்கு ஏறத்தாழ ஒருநாள்தான். மீதி நாளெல்லாம் டிரான்சிஸ்டர்களுக்கு ஓய்வு.

எதையும் கழற்றாமலே 2024 அக்டோபர் 14 அன்று கிளிப்பர் கிளம்பியது. வியாழனை அடைய 2030 ஏப்ரல் ஆகும்.