வண்டிப் பாதையைக் கெடுப்பது யார்?

புனே நகரிலிருந்து கிழக்கே தௌண்டு, பாராமதி பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் கரும்புத் தோட்டங்கள். தார்ச் சாலையிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் மண் பாதைகள் போகும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அவற்றில்தான் வந்து போகின்றன. கோடையில் கெட்டியாகக் கிடக்கும் பாதை, ஜூனில் மழை பிடித்ததும் சேறாகி டிராக்டர் சக்கரத்தையே விழுங்கிவிடும்.

பாரம் தாங்காமல்தான் பாதை கெட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே டிராக்டர், அதைவிடக் கூடுதல் பாரத்தோடு மார்ச் மாதம் போனபோது ஒன்றும் ஆகவில்லையே! மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே பாதைக்குள் புதிதாக வந்தது எது? தண்ணீர்தான்.

அங்கே உள்ளது கரிசல் மண். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி, ஆறி, பசால்ட் என்னும் கரும்பாறை ஆனது. அந்தப் பாறை சிதைந்து உண்டான மண் இது. இதில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய உண்டு. அப்பளக் கட்டு போல, கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் அடுக்கியிருக்கும். மழை பெய்தால் தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றை விலக்கும். மண் உப்பும், வழுக்கும். வெயிலில் நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழைநீர் அந்த வெடிப்பு வழியாகவே ஆழத்துக்கு இறங்கும். விருதுநகர், கோவில்பட்டிப் பிள்ளைகள் இதைத் தங்கள் காட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மெக்காடம் (1756–1836) சாலை போடுவதில் கெட்டிக்காரர். வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது அடியில் உள்ள மண்தான், அதை ஈரமாகாமல் காத்தால் எந்தப் பாரத்தையும் அது தாங்கும் என்றார். மேலே போடும் ஜல்லி, மண்ணுக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் கூரையாக வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் ஊர்க் கப்பிச் சாலை அவர் வழியில் வந்ததுதான்.

அதனால் தோட்டத்துப் பாதையைச் சீராக்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. லாரியில் மண் வரவழைப்பது அதற்குப் பிறகுதான். பாதையின் இரு பக்கமும் வாய்க்கால் வெட்டி, அதில் விழும் மழைநீர் பள்ளம் பார்த்து ஓட வழி செய்ய வேண்டும். பாதையை நீர் குறுக்கே கடக்கும் இடத்தில் அடியில் சிமென்ட் குழாய் பதிக்கலாம்.

அடுத்தது பாதையின் நடுப்பகுதியை உயர்த்துவது. மண் பாதைக்கு 1 மீட்டருக்கு 4 செ.மீ. சரிவு வைக்கலாம். பாதையின் அகலம் 3 மீட்டர் என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை 1.5 மீட்டர், ஆக, நடு 6 செ.மீ. உயர வேண்டும். இவ்வளவு போதும், மழைநீர் நிற்காமல் இரு பக்கமும் வடிந்துவிடும்.

பிறகுதான் மேல்மண். புனேயில் இதற்கு முரூம் போடுகிறார்கள். அரைகுறையாகச் சிதைந்த பசால்ட் அது. நாம் கிராவல் போடுவதில்லையா, அதே வேலைக்குத்தான். பெரிய கல், சிறு கல், பொடி எல்லாம் கலந்திருப்பதால் ஒன்றின் இடுக்கை இன்னொன்று அடைத்துக்கொள்ளும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசாக நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும்.

பாதையைக் கெடுக்கும் என்று சொன்ன தண்ணீரை இப்போது எதற்குத் தெளிக்கிறோம்? இதை நீங்களே சோதிக்கலாம். தோட்டத்து மண்ணை மூன்று குவளைகளில் எடுங்கள். ஒன்று காய்ந்தது, ஒன்று லேசான ஈரம், ஒன்று சொதசொதப்பு. ஒவ்வொன்றையும் கையில் பிடித்து அழுத்துங்கள். காய்ந்த மண் உதிரும். சொதசொத மண் விரலிடுக்கில் வழியும். லேசான ஈர மண் மட்டும் உருண்டையாக நிற்கும். சிறிது நீர் இருந்தால் துகள்கள் நகர்ந்து நெருக்கமாக உட்காரும். கூடிப்போனால் அந்த இடத்தை நீரே பிடித்துக்கொள்ளும். எந்த அளவு ஈரத்தில் மண் மிக நன்றாக இறுகும் என்று கண்டறியும் முறையை 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் வெளியிட்டார். சாலை, அணை கட்டுவோர் இன்றும் அதைச் செய்து பார்க்கிறார்கள்.

நீர் தேங்கிய குழியில் அப்படியே மண்ணைக் கொட்டுவது வீண் செலவு. அந்த மண் இறுகவே இறுகாது. இரண்டு வண்டி போனால் குழி திரும்பிவிடும். நீரை வடித்து, சேற்றை வழித்தெடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

புனேயில் ஜூன் மழைக்கு முன்பே இந்த வேலையை முடிக்க வேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசியில். உங்கள் ஊர் வண்டிப் பாதையின் ஓர வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று புரட்டாசியிலேயே போய்ப் பாருங்கள். கிடந்தால், மழைக்கு முன் தூர்வாரச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள்.