சோர்வும் சிகிச்சைக்கு உரியதே!

புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பலரும் முதலில் முறையிடுவது சோர்வைப் பற்றித்தான். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பார்கள். 'மருந்தின் வேகம் அப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று உடனிருப்போர் தேற்றுவார்கள். இந்தச் சோர்வுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் எளிய ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து சரிசெய்யக்கூடியது ரத்தசோகை.

வேலூரை அடுத்த பாகாயத்தில் வசிக்கும் நான் இத்தகைய நோயாளிகளை அடிக்கடி சந்திக்கிறேன். சிஎம்சி மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறி வருவோர் ஒருபுறம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம் பெண்கள் மறுபுறம். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. அதாவது, புற்றுநோய் சிகிச்சையைத் தொடங்கும் முன்பே பலருக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது.

வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது கீமோதெரபியின் இயல்பு. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் அதற்குத் தப்புவதில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்போது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் சுரப்பும் குறைகிறது. ரத்தக் கசிவு, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவையும் சேர்ந்துகொள்ளலாம். காரணம் வேறுபடுவதால் சிகிச்சையும் வேறுபடும்.

ஹீமோகுளோபின் 7 அல்லது 8 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்ற தொல்லைகள் இருந்தாலோ பொதுவாக ரத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு யூனிட் ஏறக்குறைய 1 கிராம் உயர்த்தும். இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால் அதை ஈடுகட்ட வேண்டும். நோயின் அழற்சியால் குடல் இரும்பை ஏற்காதபோது மாத்திரை பயன்தராது. ரத்தநாளம் வழியே செலுத்துவார்கள். எரித்ரோபாய்டின் ஊசி எல்லோருக்கும் உரியதன்று. ரத்தம் உறையும் ஆபத்தும், சில புற்றுநோய்களில் நோய் முற்றும் அபாயமும் தெரியவந்ததால், 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. நோயை முற்றிலும் குணப்படுத்தும் நோக்கில் கீமோதெரபி பெறுவோருக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

பேரீச்சையும் மாதுளையும் நல்ல உணவுகள். ஆனால் சிகிச்சைக்கு மாற்றாகா. மருத்துவரைக் கேளாமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கலாம். 'என் ஹீமோகுளோபின் எவ்வளவு, குறைந்ததற்குக் காரணம் என்ன?' என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்பது நோயாளியின் உரிமை.

மற்ற மருந்துகளைப் போல ரத்தத்தை ஆலையில் தயாரிக்க இயலாது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்களே சேமிக்க முடியும். பணத்துக்கு ரத்தம் பெறுவது 1998 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது, அது சரியானதே. ஆனால், சுற்றமும் நட்பும் இல்லாத ஊரில் தங்கியிருக்கும் நோயாளி யாரிடம் போய்க் கேட்பார்?

ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்ததானம் செய்யலாம். அதற்கு ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ரத்தசோகை உள்ள பெண், விரும்பினாலும் கொடையாளர் ஆக முடியாது. எனவே, தொழிற்சாலைகள் தம் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, குறையுள்ளவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். அந்தப் பெண்களின் உடல்நலம் காக்கப்படும். ரத்த வங்கிகளுக்கும் புதிய கொடையாளர்கள் கிடைப்பார்கள்.